டல்லாஸ் ஃபெடரல் கோர்ட்டில் எங்கள் கம்பெனி மேல் வழக்கு: கமர்ஷியல் லிட்டிகேஷன் (வணிக வழக்கு) வக்கீலின் பின்னணியில் எதைப் பார்ப்பது?

பனிமலை

எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கன்சல்டிங் கம்பெனி நடத்துகிறோம். எல்எல்சி (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கம்பெனி வகை), நானும் என் மைத்துனரும் பங்குதாரர்கள். டல்லாஸில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு ஆள் கொடுத்து வேலை செய்தோம். கடைசியாக அனுப்பிய இன்வாய்ஸ்களுக்குப் பணம் வரவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க, அவர்கள் முந்திக்கொண்டு, நாங்கள்தான் ஒப்பந்தத்தை மீறினோம் என்று டல்லாஸ் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார்கள். போன வாரம் சம்மன் வந்தது. வழக்கு என்றால் டல்லாஸில்தான் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஷரத்தும் இருக்கிறது.

மூன்று வக்கீல்கள் பெயர் கையில் இருக்கிறது. முதலாமவர் பெரிய ஃபர்மில் பார்ட்னர், பெயர்பெற்ற சட்டக் கல்லூரி, லா ரிவ்யூ, ஃபெடரல் நீதிபதியிடம் கிளர்க்காக இருந்தவர், பயோ (சுயவிவரம்) பக்கம் முழுக்க விருதுகள். இரண்டாமவர் டல்லாஸில் நாலைந்து பேர் வேலை செய்யும் அலுவலகம் வைத்திருக்கிறார், முன்பு அரசுத் தரப்பு வக்கீலாக கிரிமினல் வழக்குகள் நடத்தியவர், ஜூரி முன்னால் நிறைய வாதாடியதாகப் போட்டிருக்கிறது. மூன்றாமவர் எங்கள் எல்எல்சியைப் பதிவு செய்து கொடுத்த நியூஜெர்சி வக்கீல். இந்த ஒப்பந்தத்தையும் அவர்தான் பார்த்துத் திருத்திக் கொடுத்தார், எங்களை நன்றாகத் தெரிந்தவர்.

மூவருமே “பிசினஸ் லிட்டிகேஷன்” செய்கிறோம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பக்கங்களில் எது நிஜமான தகுதி, எது அலங்காரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வக்கீலே வேண்டாம், நாமே போய் நியாயத்தைச் சொல்லிவிடலாம் என்று மைத்துனர் வேறு சொல்கிறார்.

கரிசல்காட்டான்

மைத்துனர் சொல்வதை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். தனி மனிதர் தன் வழக்கைத் தானே நடத்தலாம், கம்பெனியால் முடியாது. ஃபெடரல் கோர்ட்டில் கார்ப்பரேஷனோ எல்எல்சியோ வக்கீல் மூலமாகத்தான் ஆஜராக வேண்டும், 1993ல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அப்புறம், சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் பதில் மனு போக வேண்டும். எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டால் கோர்ட் பெரும்பாலும் கொஞ்சம் அவகாசம் தரும், ஆனால் அதைக் கேட்பதற்கே வக்கீல் வேண்டும். எதுவும் செய்யாமல் விட்டால் எக்ஸ்பார்ட்டியாக உங்களுக்கு எதிராக முடித்துவிடுவார்கள்.

நான் முன்பு லிட்டிகேஷனில் இருந்தேன், இப்போது ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் இருந்து வெளி வக்கீல்களை அமர்த்துகிறேன். வருகிற பயோக்களைப் படிப்பதே என் வேலையில் பாதி. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த வழக்குகளில் இந்த ஆள் தன் கையால் என்ன செய்தார்? டெபோசிஷன் (விசாரணைக்கு முன்பே சாட்சியிடம் சத்தியப்பிரமாணத்தில் கேள்வி கேட்டுப் பதிவு செய்வது) எடுத்தது யார், நீதிபதி முன்னால் எழுந்து நின்று பேசியது யார், சம்மரி ஜட்ஜ்மென்ட் (விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்கும்) மனுவை எழுதியது யார், விசாரணையில் முதல் நாற்காலியில், அதாவது தலைமை வக்கீலாக, உட்கார்ந்தது யார்? “பெரிய உற்பத்தியாளர் ஒருவருக்காகப் பல மில்லியன் டாலர் ஒப்பந்த வழக்கில் வெற்றி” என்று ஒரே வரி மூன்று பேர் பயோவில் இருக்கும். ஒருவர் வாதாடியவர், இன்னொருவர் டிஸ்கவரியில் (இரண்டு தரப்பும் ஆதாரங்களைக் கேட்டு வாங்கும் கட்டம்) வந்த ஆவணங்களை வடிகட்டியவர், மூன்றாமவர் அந்த வாடிக்கையாளரை ஃபர்முக்கு அழைத்து வந்தவர். மூன்றும் தேவையான வேலைதான், ஆனால் உங்களுக்கு வேண்டியவர் வாதாடியவர்.

உங்கள் மூன்றாவது வக்கீல் பற்றி ஒரு விஷயம். அவருக்கு டெக்சாஸ் உரிமம் இருக்காது என்று நினைக்கிறேன். இந்த ஒரு வழக்குக்கு மட்டும் அனுமதி கேட்டு வரலாம்தான், ஆனால் பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தைத் திருத்தியவர் அவர் என்கிறீர்கள். எந்த ஷரத்து என்ன அர்த்தத்தில் எழுதப்பட்டது என்ற சண்டை வந்தால் அவரே சாட்சி ஆகலாம். அவசியமான சாட்சியாக இருக்கக்கூடியவர் அதே வழக்கின் விசாரணையில் வாதாடக் கூடாது என்று தொழில் நெறி விதியே இருக்கிறது. அவரை ஆலோசனைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வழக்கைக் கொடுக்காதீர்கள்.

புதுச்சட்டம்

வணக்கம், நான் ஒரு ஃபர்மில் ஜூனியர் அசோசியேட், அதாவது பார்ட்னர் ஆகாத இளநிலை வக்கீல். பயோவில் வரும் படிப்பு விஷயங்களுக்கு என்ன மதிப்பு என்று மட்டும் சொல்கிறேன். இங்கே சட்டம் முதுநிலைப் படிப்பு மாதிரி. ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு மூன்று வருடம் ஜேடி என்ற சட்டப் பட்டம், பிறகு மாநிலத்தின் பார் தேர்வு, அதாவது வக்கீல் உரிமத் தேர்வு. உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி, அதுபோக ஒவ்வொரு ஃபெடரல் மாவட்டக் கோர்ட்டிலும் தனியாகப் பெயர் பதிய வேண்டும். அதனால் பயோவின் அடியில் இருக்கும் “அட்மிஷன்ஸ்” பட்டியலைத் தவறாமல் பாருங்கள். உங்கள் வழக்கு டெக்சாஸ் வடக்கு மாவட்டக் கோர்ட்டில் இருக்கிறது. அந்தக் கோர்ட்டின் உள்ளூர் விதிப்படி, வெளியூர் வக்கீல் வந்தால், கோர்ட் கட்டடத்திலிருந்து 50 மைலுக்குள் வசிக்கும் அல்லது முதன்மை அலுவலகம் வைத்திருக்கும் உள்ளூர் வக்கீல் ஒருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோர்ட் விலக்குக் கொடுக்காவிட்டால் இரண்டு பேருக்கு ஃபீஸ்.

கிளர்க்ஷிப் பற்றி. இங்கே நீதிபதியின் கிளர்க் என்றால் குமாஸ்தா இல்லை. சட்டப் படிப்பு முடித்தவர்கள் ஒன்றிரண்டு வருடம் நீதிபதியின் அறையில் இருந்து, வரும் மனுக்களை முழுக்கப் படித்து, சட்டத்தைத் தேடிக் குறிப்பு எழுதி, உத்தரவுகளின் முதல் வரைவையும் போட்டுக் கொடுப்பார்கள். இதை நான் உயர்வாகவே மதிக்கிறேன். நீதிபதி எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்துகிறார், எந்த மாதிரி வாதத்துக்கு எரிச்சலாகிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதும் மனுவில் அது தெரியும். அதிலும் மாவட்டக் கோர்ட் கிளர்க்ஷிப் உங்களைப் போன்ற வழக்குக்கு நேரடியாக உதவும், ஏனென்றால் டிஸ்கவரி சண்டை, சாட்சி, விசாரணை எல்லாம் நடக்கும் இடம் அதுதான். அப்பீல் கோர்ட் கிளர்க்குக்குப் பெயர் அதிகம், ஆனால் அவர் பார்ப்பது ஏற்கனவே முடிந்த வழக்கின் தாள்களை.

லா ரிவ்யூ என்பது மாணவர்கள் நடத்தும் சட்ட இதழ். நன்றாகப் படித்த, எழுதத் தெரிந்த மாணவர் என்று அதிலிருந்து தெரியும். இருபது வருட அனுபவம் உள்ளவரின் பயோவில் அதுவே முதல் வரியாக இருந்தால், இந்த இருபது வருடத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

நடுநிசி

எனக்கு வேறு கருத்து. எல்லாரும் “ஜூரி முன்னால் நின்றாரா, விசாரணை நடத்தினாரா” என்றே கேட்கிறீர்கள். கமர்ஷியல் வழக்குகள் விசாரணை வரை போவதே அபூர்வம். 1962ல் ஃபெடரல் சிவில் வழக்குகளில் 11.5 சதவீதம் விசாரணை வரை போனது, 2002ல் அது 1.8 சதவீதம். சட்டத் துறையில் எல்லாரும் அடிக்கடி மேற்கோள் காட்டும் கணக்கு இது. மீதி எல்லாம் செட்டில் ஆகிறது, அல்லது மனு நிலையிலேயே முடிகிறது. அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது நன்றாக மனு எழுதுகிறவர், பின்னால் ஆள் பலம் உள்ள ஃபர்ம். எதிர்த்தரப்பு வக்கீலும் உங்கள் வக்கீலின் பயோவைப் படிப்பார். பெரிய ஃபர்மின் பெயரைப் பார்த்த உடனே இவர்கள் பின்வாங்க மாட்டார்கள் என்று புரிந்துகொள்வார். நான் என் தொழிலில் இரண்டு முறை வழக்கைச் சந்தித்தவன், இரண்டுமே பெரிய ஃபர்ம் அனுப்பிய முதல் கடிதத்திலேயே பேச்சுவார்த்தைக்கு வந்தன. பெயருக்கு மதிப்பு இல்லை என்று சொல்வதை ஏற்க முடியவில்லை.

கரிசல்காட்டான்

//கமர்ஷியல் வழக்குகள் விசாரணை வரை போவதே அபூர்வம்//

இதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். எழுதத் தெரியாத வக்கீல் கமர்ஷியல் வழக்கில் பாரம்தான், ஃபெடரல் கோர்ட்டில் பெரும்பாலான முடிவுகள் காகிதத்தை வைத்தே எடுக்கப்படுகின்றன. ஆனால் செட்டில்மென்ட் தொகை எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். விசாரணைக்குப் போனால் என்ன ஆகும் என்று இரண்டு தரப்பும் போடும் கணக்கிலிருந்துதான் வருகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி என்றால் லெட்டர்ஹெட்டோடு நிறுத்திக்கொள்ள மாட்டார், இந்த ஆள் கடைசியாக எப்போது ஒரு வழக்கை ஜூரி வரை கொண்டுபோனார் என்று விசாரித்து வைத்திருப்பார். விசாரணைக்குப் போகவே போகாத வக்கீல் என்று தெரிந்தால் கடைசி வாரம் வரை பேரத்தை இழுப்பார்.

விசாரணைக்கு முன்பே இருக்கும் பெரிய களம் டெபோசிஷன். ஃபெடரல் விதியில் ஒரு தரப்புக்கு 10 டெபோசிஷன், ஒவ்வொன்றும் ஒரே நாளில் 7 மணி நேரம், அதற்கு மேல் வேண்டுமென்றால் எதிர்த்தரப்பு சம்மதிக்க வேண்டும் அல்லது கோர்ட் அனுமதிக்க வேண்டும். எழுத்துக் கேள்விகள் 25. இந்த வரம்புக்குள் யாரை எடுப்பது, யாரை விடுவது, 7 மணி நேரத்தில் எந்த மின்னஞ்சலை எந்த இடத்தில் எடுத்து வைப்பது என்பதில்தான் நல்ல லிட்டிகேட்டர் தெரிவார். அதிலும் கம்பெனியின் சார்பாக ஒருவரை உட்கார வைத்து, முன்கூட்டியே கொடுத்த தலைப்புகளில் கேள்வி கேட்பார்கள். அவர் சொல்கிற பதில் கம்பெனியே சொன்ன பதில். உங்கள் தரப்பில் அந்த நாற்காலியில் உட்காரப் போவது நீங்களாகத்தான் இருக்கும் பனிமலை. அதற்கு உங்களைத் தயார் செய்பவர் இதை முன்பே பல தடவை செய்தவரா, அல்லது உங்கள் வழக்கில்தான் பழகப் போகிறாரா என்பது எந்த விருதையும் விட முக்கியம்.

இரண்டாமவருடைய கிரிமினல் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜூரியைத் தேர்ந்தெடுப்பது, சாட்சியை மடக்குவது, ஆட்சேபணைக்கு அந்த நொடியே பதில் சொல்வது எல்லாம் அங்கே வேகமாகப் படியும். ஆனால் கிரிமினல் பக்கத்தில் இந்த அளவு டெபோசிஷன் கிடையாது, லட்சக்கணக்கான மின்னஞ்சல்களைத் துருவும் டிஸ்கவரி கிடையாது, இழந்த லாபத்தைக் கணக்கிடும் நிபுணர் சாட்சி கிடையாது. அரசு வேலையை விட்ட பிறகு அவர் எத்தனை ஒப்பந்த வழக்குகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்தினார் என்று பாருங்கள்.

தாமரைக்குளம்

நான் பல வருடமாக லிட்டிகேஷன் பாராலீகல், அதாவது வழக்கு வக்கீல்களுக்கு உதவியாளர். பயோவை எழுதுவது பெரும்பாலும் மார்க்கெட்டிங் பிரிவு, அதனால் பயோவை மட்டும் வைத்து ஏன் சண்டை போடுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. வரன் பார்க்கும்போது நாலு இடத்தில் விசாரிப்பது போல டாக்கெட்டில் (ஒரு வழக்கில் தாக்கலான எல்லாவற்றின் கோர்ட் பதிவேடு) போய் விசாரியுங்கள், எல்லாம் பொது ஆவணம்.

ஃபெடரல் வழக்குகளுக்கு பேசர் என்ற தளம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலர் வரை பார்த்தால் கட்டணமே இல்லை. கோர்ட்லிஸ்னர் என்ற தளத்தில் இலவசமாகவும் நிறைய கிடைக்கும். வக்கீல் பெயரைப் போட்டுத் தேடி, அவர் நடத்திய ஒப்பந்த வழக்குகளில் நாலைந்தைத் திறந்து பாருங்கள். முதலில் டாக்கெட்டில் அவர் பெயருக்குக் கீழே “லீட் அட்டர்னி” என்று இருக்கிறதா என்று கவனியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிவிட வேண்டாம், சில இடங்களில் எல்லார் பெயருக்குக் கீழேயும் அதைப் போட்டுவிடுவார்கள். கையெழுத்துப் பகுதியில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு நீதிபதியின் உத்தரவுகளைப் படியுங்கள். “தரப்பு ஆவணங்களைத் தரவில்லை, மீண்டும் உத்தரவிடுகிறேன்” என்ற தொனியில் திரும்பத் திரும்ப இருந்தால் யோசிக்க வேண்டியதுதான். வாடிக்கையாளரை நடுவில் விட்டு விலகும் மனுக்கள் அடிக்கடி இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

இன்னொரு வழி இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள். டெபோசிஷன் எழுத்துப் பிரதிகளை வழக்கமாக கோர்ட்டில் தாக்கல் செய்வதில்லை, ஆனால் சம்மரி ஜட்ஜ்மென்ட் மனு போடும்போது அதிலிருந்து பகுதிகளை இணைப்பார்கள். டெக்சாஸ் வடக்கு மாவட்டத்தில் ஆதாரங்களைத் தனிப் பின்னிணைப்பாகவே தாக்கல் செய்ய வேண்டும் என்று விதி. அந்தப் பின்னிணைப்பைத் திறந்தால் கேள்வி கேட்டவர் யார், எப்படிக் கேட்டார், சாட்சி நழுவப் பார்த்தபோது விட்டுவிட்டாரா அல்லது மறுபடி அதே இடத்துக்கு இழுத்து வந்தாரா எல்லாம் அப்படியே எழுத்தில் இருக்கும். பத்துப் பக்கம் படித்தால் போதும், சட்டம் படிக்காதவருக்கும் வித்தியாசம் புரியும்.

மாநில பார் (வக்கீல் சங்கம்) தளத்தில் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்றும் பாருங்கள். அபராத உத்தரவுகளையும் தேடுங்கள். 2023ல் நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில், சாட்ஜிபிடி கொடுத்த, உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகளை மனுவில் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் இந்த மாதிரி உத்தரவுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வக்கீல் பெயரோடு “சாங்ஷன்ஸ்” என்று சேர்த்துத் தேட இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பனிமலை

தாமரைக்குளம் அக்கா, ரொம்ப நன்றி. இன்று ராத்திரி முழுக்க டாக்கெட்தான். ஒரு சந்தேகம். விருதுகளை எப்படி எடுத்துக்கொள்வது? முதலாமவர் பயோவில் ஏழெட்டு முத்திரைகள் இருக்கின்றன. அப்புறம் ஃபீஸ். ஜெயித்தால் எங்கள் வக்கீல் செலவை அவர்கள் கொடுக்க வேண்டியிருக்குமா?

கரிசல்காட்டான்

விருதுகளில் தரம் உண்டு. சூப்பர் லாயர்ஸ் பட்டியலில் ஒரு மாநில வக்கீல்களில் 5 சதவீதம் வரை இடம்பெறலாம், இளையவர்களுக்கான ரைசிங் ஸ்டார்ஸில் 2.5 சதவீதம். டெக்சாஸ் மாதிரி பெரிய மாநிலத்தில் அது ஆயிரக்கணக்கான பேர். கெட்ட அறிகுறி இல்லை, ஆனால் அதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ட்ரயல் லாயர்ஸ் வேறு ரகம். விண்ணப்பிக்க முடியாது, அவர்களே அழைக்க வேண்டும், குறைந்தது 15 வருட விசாரணை அனுபவம் வேண்டும், ஒரு மாநிலத்தில் 1 சதவீதத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அது இருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். டெக்சாஸில் இன்னொன்றும் உண்டு, டெக்சாஸ் போர்ட் ஆஃப் லீகல் ஸ்பெஷலைசேஷன் கொடுக்கும் சிவில் ட்ரயல் லா சான்றிதழ். தேர்வு எழுத வேண்டும், நடத்திய வழக்குகளைக் காட்ட வேண்டும், மற்ற வக்கீல்களும் நீதிபதிகளும் மதிப்பிடுவார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாத நல்ல லிட்டிகேட்டர்கள் ஏராளம், ஆனால் இருந்தால் அர்த்தமுள்ளது.

ஃபீஸ் விஷயத்தில் அமெரிக்காவின் பொது விதி அவரவர் செலவு அவரவருக்கு, ஒப்பந்தமோ சட்டமோ வேறு மாதிரி சொன்னால் தவிர. டெக்சாஸில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது, சிவில் பிராக்டிஸ் அண்ட் ரெமெடீஸ் கோட் 38வது அத்தியாயம். ஒப்பந்தத்தின்படி வரவேண்டிய பணத்துக்கு வழக்குப் போட்டு ஜெயித்தால் வக்கீல் ஃபீஸும் கேட்கலாம். முன்பு இது தனிநபரிடமும் கார்ப்பரேஷனிடமும்தான் கேட்க முடிந்தது, எல்எல்சிகள் தப்பித்துக்கொண்டிருந்தன. 2021 செப்டம்பர் 1லிருந்து தொடுத்த வழக்குகளுக்கு அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வெறுமனே அவர்கள் வழக்கைத் தோற்கடித்தால் இந்தச் சட்டத்தில் உங்களுக்கு ஒன்றும் வராது, உங்கள் இன்வாய்ஸ் பணத்துக்கு எதிர்க்கோரிக்கை போட்டு அதில் ஜெயிக்க வேண்டும். அதற்கு முன் பணத்தை முறையாகக் கேட்டு 30 நாளில் அவர்கள் கொடுக்காமலும் இருக்க வேண்டும். ஒரே ஒப்பந்தத்திலிருந்து வரும் கோரிக்கை என்பதால் இந்த வழக்கிலேயே அதைப் போட்டாக வேண்டும், பிறகு தனியாகப் போடலாம் என்று விட்டால் உரிமையே போய்விடும். நீங்கள் பேசும் வக்கீல் இதைத் தானாக எடுத்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். டெக்சாஸில் கமர்ஷியல் வழக்கு நடத்தியவருக்கு இது பழகிய பாதை.

புதுச்சட்டம்

கரிசல்காட்டான் அண்ணா சொன்னதோடு இன்னொரு சோதனை. வழக்கு ஏன் ஃபெடரல் கோர்ட்டில் இருக்கிறது? ஃபெடரல் சட்டக் கேள்வி எதுவும் இல்லாத ஒப்பந்தத் தகராறு என்றால் இரண்டு தரப்பும் வேறு வேறு மாநிலத்தவர், தொகை 75,000 டாலருக்கு மேல் என்ற அடிப்படையில்தான் இருக்கும். எல்எல்சி எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதை அது பதிவான இடத்தை வைத்துப் பார்ப்பதில்லை. அதன் பங்குதாரர்கள் எந்தெந்த மாநிலத்தவரோ அத்தனை மாநிலமும் அதற்கு உண்டு. பனிமலை, உங்கள் மைத்துனர் எங்கே குடியிருக்கிறார்?

பனிமலை

ஆஸ்டினில். வழக்கு வருவதற்கு முன்பே குடும்பத்தோடு அங்கே வீடு வாங்கிப் போய்விட்டார். ஏன், அது முக்கியமா?

புதுச்சட்டம்

ரொம்பவே முக்கியம். எதிராளியும் டெக்சாஸ் கம்பெனி, உங்கள் எல்எல்சியில் ஒரு பங்குதாரரும் டெக்சாஸ்வாசி என்றால் இந்த வழக்கை விசாரிக்க ஃபெடரல் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லாமல் போகலாம். அவருடைய குடியுரிமை நிலையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இருந்தாலும், கிரீன் கார்டோடு டெக்சாஸில் நிரந்தரமாகக் குடியிருந்தாலும் சிக்கல். எச்1பி வேலை விசாவில் இருந்தால் கணக்கு வேறு மாதிரி போகும், அப்போது சட்டத்தின் கண்ணில் அவர் டெக்சாஸ்வாசி இல்லை, வெளிநாட்டவர். இதைப் பொதுவெளியில் எழுத வேண்டாம், வக்கீலிடம் மட்டும் சொல்லுங்கள்.

இது இரண்டு தரப்பும் சம்மதித்துத் தாண்டிப்போகக்கூடிய விஷயம் இல்லை. இரண்டு வருடம் சண்டை போட்டு, தீர்ப்பும் வந்து, அப்பீலில் இது தெரியவந்தால்கூட எல்லாம் ரத்தாகி மாநிலக் கோர்ட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால்தான் 2022 டிசம்பரிலிருந்து, இந்த அடிப்படையில் வரும் வழக்குகளில் யார் யார் எந்த மாநிலத்தவர் என்று ஆரம்பத்திலேயே எழுதித் தர வேண்டும் என்று ஃபெடரல் விதியில் சேர்த்தார்கள்.

நடுநிசி

இதை நான் யோசித்திருக்கவில்லை, நல்ல கேள்வி. இருந்தாலும் என் பக்கத்தையும் பதிவு செய்கிறேன். இந்த மாதிரி நுணுக்கமெல்லாம் ஒருவருக்கு எங்கே பழக்கமாகிறது? கிளர்க்ஷிப்பிலும், பெரிய ஃபர்மில் கடுமையான சீனியர்களிடம் மனு எழுதித் திட்டு வாங்கிய வருடங்களிலும்தான். அந்தப் பயிற்சியை அலங்காரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதுதான் நான் முதலிலிருந்தே சொல்வது.

கரிசல்காட்டான்

அதில் எனக்கும் மறுப்பு இல்லை. பயிற்சி எங்கே கிடைத்தது என்று பாருங்கள், அதை வைத்து அடுத்து என்ன செய்தார் என்றும் பாருங்கள். பெரிய ஃபர்மில் பத்து வருடம் அசோசியேட்டாக இருந்தும் ஒரு சாட்சியைக்கூடத் தனியாக விசாரிக்காதவர்கள் உண்டு. வழக்குகள் பெரியவை, வாடிக்கையாளர்கள் சீனியர்தான் நிற்க வேண்டும் என்பார்கள், பாவம் அவர்களுக்கு வாய்ப்பே வராது.

பேசும்போது யாரிடமும் முதல் நிமிடமே கதை முழுவதையும் கொட்டிவிடாதீர்கள். எதிராளி பெயரைச் சொல்லி, முரண்பாடு இருக்கிறதா, அதாவது அவர்களுக்கும் வேலை செய்பவரா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகுதான் விவரம்.

பனிமலை

எல்லாரிடமும் பேசி முடித்துவிட்டேன், என்ன நடந்தது என்று எழுதுகிறேன், அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

நியூஜெர்சி வக்கீலிடம் சாட்சி விஷயத்தைச் சொன்னதும் அவரே ஒத்துக்கொண்டார், பழைய மின்னஞ்சல்களையெல்லாம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முன்னாள் அரசு வக்கீல் நல்ல மனிதர், வெளிப்படையாகப் பேசினார். ஆனால் டாக்கெட்டில் பார்த்தபோது வேலையை விட்ட பிறகு அவர் நடத்தியதில் பெரும்பகுதி விபத்து இழப்பீட்டு வழக்குகள். ஒப்பந்த வழக்குகள் இரண்டு மூன்றுதான், அவையும் சீக்கிரமே செட்டில் ஆனவை. கம்பெனி சார்பு டெபோசிஷனுக்கு ஆளைத் தயார் செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன், குறைவு என்றார். அந்த நேர்மைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆச்சரியம் பெரிய ஃபர்ம் பார்ட்னரிடம்தான். உங்கள் வழக்கில் யார் வேலை செய்வார்கள் என்று கேட்டதும், இந்தத் தொகைக்கு அன்றாட வேலை முழுவதும் அசோசியேட்தான் செய்வார், எங்கள் மணிக்கணக்கு ஃபீஸ் உங்களுக்குக் கட்டாது என்று நேரடியாகவே சொல்லி, தன்னிடம் வேலை செய்து பிறகு தனியாக டல்லாஸில் அலுவலகம் போட்ட ஒரு அம்மாவின் பெயரைக் கொடுத்தார். அவர் அதே மாவட்டக் கோர்ட்டில் கிளர்க்காக இருந்தவர், பிறகு இந்த ஃபர்மில் சில வருடம், இப்போது ஒப்பந்தம், பங்குதாரர் தகராறு மட்டும்தான் எடுக்கிறார். டாக்கெட்டில் அவர் பெயர் முதலாவதாக இருக்கும் வழக்குகள் நிறைய. தாமரைக்குளம் அக்கா சொன்ன மாதிரி ஒரு பின்னிணைப்பைத் திறந்து டெபோசிஷனைப் படித்தேன். எதிர்த்தரப்பு மேலாளர் “ஞாபகமில்லை” என்று சொல்லச் சொல்ல, அவர் எழுதிய மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, குரலே உயர்த்தாதவர் மாதிரி ஒவ்வொரு வரியாகக் கேட்டு ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார். படித்ததும் மைத்துனருக்கு அனுப்பினேன், நாமே போகலாம் என்ற பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

போனில் பேசியபோது முரண்பாடு பார்த்து முடித்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: “எல்எல்சியில் யார் யார் பங்குதாரர்கள், வழக்குப் போட்ட தேதியில் ஒவ்வொருவரும் எங்கே குடியிருந்தார்கள்?” புதுச்சட்டம், உங்களை நினைத்துக்கொண்டேன். எதிர்க்கோரிக்கை, 38வது அத்தியாயம் இரண்டையும் நான் கேட்காமலே சொன்னார். அவரையே அமர்த்துவதாக முடிவு.

தாமரைக்குளம்

நல்ல தேர்வு தம்பி. கையெழுத்துப் போடும் முன் என்கேஜ்மென்ட் கடிதத்தில் (வக்கீலை அமர்த்தும் ஒப்பந்தம்) யார் டெபோசிஷன் எடுப்பார், யார் கோர்ட்டில் நிற்பார், அவருக்கும் உதவியாளர்களுக்கும் மணிக்கு எவ்வளவு, ரிடெய்னர் (முன்பணம்) தீர்ந்தால் என்ன செய்வார்கள், மீதியைத் திருப்பித் தருவார்களா எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதா மாதம் விவரமான பில் கேளுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று. இந்த வேலை சம்பந்தப்பட்ட மின்னஞ்சல், ஸ்லாக், வாட்ஸ்அப், டெக்ஸ்ட் எதையும் யாரும் அழிக்கக் கூடாது. தானாக அழியும் அமைப்பு எங்கே இருந்தாலும் நிறுத்திவிடுங்கள், பழைய போனை மாற்றுவதாக இருந்தால் மாற்றாதீர்கள். வழக்கு வந்தது தெரிந்த பிறகு செய்தி அழிந்துபோனால், அதுவும் வேண்டுமென்றே செய்தது என்று கோர்ட் நினைத்தால், அழிந்ததில் இருந்தது உங்களுக்குப் பாதகமானது என்று எடுத்துக்கொள்ளலாம் என ஜூரியிடமே நீதிபதி சொல்ல முடியும்.

பனிமலை

மைத்துனர் வாட்ஸ்அப்பில் டிஸப்பியரிங் மெசேஜ் போட்டு வைத்திருந்தார், இப்போதுதான் நிறுத்தினோம். ஆட்களுக்கும் எழுத்தில் சொல்லியாகிவிட்டது. அவகாசம் கேட்டு எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த அம்மா இன்று காலை எழுதிவிட்டார். இந்தக் கோர்ட்டிலேயே நின்று எதிர்க்கோரிக்கையோடு பதில் போடுவதா, முதலில் அதிகார வரம்பு மனுவா என்பதைத் திங்கட்கிழமை மைத்துனரின் ஆவணங்களைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்றிருக்கிறார்.